உலோகத்தில் உறையும் வெற்றி

நுழையும்முன்

வெற்றி ஒரு நொடியில் நிகழ்ந்து முடிகிறது. ஓட்டக்காரர் எல்லைக்கோட்டைக் கடந்ததும், பந்து வலைக்குள் விழுந்ததும், சதுரங்கக் காய் கடைசிக் கட்டத்தில் நின்றதும் அந்த நொடி மறைந்துவிடுகிறது. மறைந்துவிடும் அந்த நொடியைப் பிடித்து வைக்க மனிதர் கல்லையும் பொன்னையும் வெள்ளியையும் வெண்கலத்தையும் நாடினர். விளையாட்டு நினைவுப் பதக்கங்கள் ஏன் தோன்றின, எவ்வாறு வளர்ந்தன, எவற்றைச் சொல்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அலமாரியில் ஒரு வரலாறு

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ உள்ள எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் தலைமையாசிரியர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதனுள் கோப்பைகளும் கேடயங்களும் வரிசையாக நிற்கும். அவற்றின் அடித்தட்டில், நிறம் மங்கிய நாடாக்களோடு சில பதக்கங்கள் குவிந்து கிடக்கும். ஒன்றை எடுத்துப் பாருங்கள். முகப்பில் ஓடும் மனித உருவம் ஒன்று, பின்புறம் வெறுமை. யார் ஓடினார்? எந்த ஆண்டு? எவ்வளவு தொலைவு? பதக்கம் விடை சொல்லாது. அதை வென்றவர் இன்று எங்கோ ஒரு தொழிற்சாலையில் பணியாற்றலாம். தம் பிள்ளைகளுக்கு அந்த ஓட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால், அவர் பெயர் அவர் வென்ற பதக்கத்தில் இல்லை.

நினைவூட்டுவதற்காகவே செய்யப்பட்ட ஒரு பொருள் நினைவற்றுக் கிடப்பது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால், பதக்கம் எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பதக்கம் என்னும் சொல்

இன்று பதக்கம் என்றதும் விளையாட்டுப் பரிசே நினைவுக்கு வருகிறது. முற்காலத்தில் அது மார்பில் அணியும் அணிகலனின் பெயர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வழங்கப்பட்ட அணிகலன்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகளில் பதக்கமும் இடம்பெற்றுள்ளது. அணியாக இருந்த பொருள் பரிசாக மாறியதற்குக் காரணம் உண்டு. சிறப்புப் பெற்றவரை உலகோர் காணும்படி அடையாளம் செய்ய வேண்டும் என்னும் எண்ணமே அது. அணிகலன் செல்வத்தைக் காட்டியது. பதக்கம் செயலைக் காட்டியது.

இந்த எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சங்ககால மன்னர்கள் பாணர்க்குப் பொன்னாலான தாமரைப்பூவைச் சூட்டிச் சிறப்பித்தனர். வணிகரில் சிறந்தோர்க்கு எட்டி என்னும் பட்டமும் பொற்பூவும் வழங்கப்பட்டன. காவிதி என்னும் பட்டம் பெற்றோர்க்குக் காவிதிப்பூ அளிக்கப்பட்டது. படைத்தலைவர்க்கு ஏனாதி என்னும் பட்டத்தோடு மோதிரமும் வழங்கப்பட்டது. இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். கொடுக்கப்படும் பொன் வாழ்க்கைச் செலவுக்கு உரிய பொருள் அன்று. அது ஒரு செயலுக்குச் சான்று.

சிலப்பதிகாரத்தில் மாதவி தன் ஆடல் அரங்கேற்றத்தில் தலைக்கோல் பட்டம் பெறுகிறாள். அவள் பெற்ற மாலையின் விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன். மாலைக்கு விலை உண்டு. தலைக்கோலுக்கோ விலை கூறப்படவில்லை. போரில் தோற்றோடிய பகை மன்னனின் வெண்கொற்றக் குடைக் காம்பைக் கொண்டு, மணிகள் பதித்துப் பொன்தகடு போர்த்துச் செய்யப்பட்டது அக்கோல். அது எந்தப் பொருளால் ஆனது என்பதிலேயே ஒரு வரலாறு அடங்கியிருந்தது. இக்கருத்தை மனத்திற்கொள்க, இன்றைய ஒலிம்பிக் பதக்கங்களைப் பற்றிப் பேசும்போது இதனிடம் மீண்டும் வருவோம்.

எருது பொருதார் கல்

விளையாட்டை நினைவுகூரும் தமிழ்ச் சின்னம் ஒன்றைக் காணச் சேலம் மாவட்டத்திற்குச் செல்ல வேண்டும். அங்குள்ள கருவந்துறை என்னும் ஊரில் எருதோடு விளையாடி உயிர் துறந்த சங்கன் என்பவனுக்கு எடுக்கப்பட்ட நடுகல் ஒன்று உண்டு. அக்கல்லை நட்டவன் அவன் மகன் பெரிய பயல். எருது பொருதார் கல் என்று இதனைக் கூறுவர்.

கல்லில் உள்ள எழுத்துகள் மிகச் சிலவே. ஆயினும், அவை வேண்டிய அனைத்தையும் சொல்லிவிடுகின்றன. விளையாடியவன் யார், என்ன விளையாட்டு, எந்த ஊர், என்ன நேர்ந்தது, யார் நினைவுகூர்ந்தார் என்பன அவை. மன்னனோ படைத்தலைவனோ அல்லாத ஓர் எளிய மனிதனின் பெயரை அந்தக் கல் இன்றுவரை காத்து வருகிறது. நல்ல நினைவுச் சின்னத்திற்கு இலக்கணம் கேட்பார்க்கு இக்கல்லையே காட்டலாம்.

நாணயத்தின் வழியே

கல்லை ஓரிடத்தில் நடலாம். ஊர் ஊராக எடுத்துச் செல்ல இயலாது. கையடக்கமான, பலருக்கும் பகிர்ந்தளிக்கத்தக்க ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்ற தேவை எழுந்தபோது நாணயம் துணைநின்றது.

பண்டைய கிரேக்கத்தின் ஒலிம்பிக் விளையாட்டுகளில் வென்றோர்க்கு உலோகப் பதக்கம் தரப்படவில்லை. ஒலிவ மரக் கிளையால் ஆன முடியே பரிசு. ஏதென்சில் நடைபெற்ற பானதெனிய விளையாட்டுகளில் ஒலிவ எண்ணெய் நிரப்பிய அழகிய சாடிகள் பரிசாக அளிக்கப்பட்டன. இலைமுடி சில நாள்களில் வாடிவிடும். எனவே, வெற்றியை நிலைக்கச்செய்ய விரும்பிய மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பு வேறு வழியைக் கண்டார். கி.மு. 356இல் ஒலிம்பிக் குதிரைப் பந்தயத்தில் அவருடைய குதிரை வென்றது. அவர் வெளியிட்ட வெள்ளி நாணயங்களில் குதிரையும் அதன்மீது அமர்ந்த வீரனும் பொறிக்கப்பட்டன. பொன் நாணயங்களில் இரட்டைக் குதிரைத் தேர் இடம்பெற்றது. விளையாட்டு வெற்றி ஒன்று சந்தைதோறும் கைமாறிச் சென்றது.

இந்தியாவில் குப்தப் பேரரசர்களும் நாணயத்தில் தம் செயல்களைப் பொறித்தனர். சமுத்திரகுப்தர் புலியை வீழ்த்துவதும், வீணை இசைப்பதும், அசுவமேத வேள்விக் குதிரை நிற்பதும் அவருடைய பொற்காசுகளில் காட்சியாகின்றன. சிங்கத்தை எதிர்க்கும் கோலத்தை இரண்டாம் சந்திரகுப்தரின் காசுகளில் காணலாம். வாங்கவும் விற்கவும் பயன்பட்ட காசு, காண்பதற்கும் போற்றுவதற்கும் உரிய கலைப்பொருளாகவும் விளங்கியது.

கலைப்பதக்கத்தின் பிறப்பு

வாணிகப் பயன் சிறிதும் இல்லாமல், நினைவுக்காகவும் அழகுக்காகவும் மட்டுமே செய்யப்படும் உலோக வட்டே கலைப்பதக்கம் எனப்படும். இதன் தந்தையாகக் கருதப்படுபவர் இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ. கி.பி. 1438ஆம் ஆண்டையொட்டி, பெராரா நகருக்கு வந்திருந்த பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜானின் உருவத்தைப் பதக்கமாக வார்த்தார். முகப்பில் பேரரசரின் பக்கவாட்டு முகம். பின்புறம் அவர் குதிரைமீது அமர்ந்திருக்கும் காட்சி. முகப்பு ஆளைக் காட்ட, பின்புறம் அவரைப் பற்றிய கதையைச் சொல்லும் இந்த அமைப்பே இன்றுவரை பதக்கக் கலையின் இலக்கணமாக நிலைத்திருக்கிறது. அரசர்களும் அறிஞர்களும் இத்தகைய பதக்கங்களை ஒருவருக்கொருவர் பரிசளித்தனர், திரட்டிப் பாதுகாத்தனர். பதக்கம் சேகரித்தல் என்னும் பழக்கம் இவ்வாறு வளர்ந்தது.

பதக்கக் கலை பின்னர்ப் போர்க்களத்திற்கும் சென்றது. 1799இல் சீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்ததை நினைவுகூர, கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கத்தை உருவாக்கச் செய்தது. கியூக்லர் என்னும் கலைஞர் வடிவமைத்த அப்பதக்கம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் அச்சிடப்பட்டது. திப்பு சுல்தானின் சின்னமான புலியைச் சிங்கம் அடக்குவதுபோல் அதன் முகப்பு அமைந்தது. வடிவம் ஒன்றே, உலோகம் வேறு. உயர் அலுவலர்க்குப் பொன். அடுத்த நிலையினர்க்குப் பொன்முலாம் பூசிய வெள்ளியும் வெள்ளியும். அவர்க்கும் கீழ்ப்பட்டோர்க்கு வெண்கலம். கோட்டைச் சுவரில் ஏறிப் போரிட்ட சிப்பாய்க்கு வெள்ளீயம். செயல் ஒன்றாக இருந்தும் பதவிக்கேற்ப உலோகம் மாறியது. விளையாட்டுப் பதக்கம் இம்முறையைத் தலைகீழாக்கியது. அங்கே உலோகத்தை முடிவு செய்வது பிறப்போ பதவியோ அன்று, திறமை மட்டுமே.

தெரிந்து தெளிவோம்

பரிசுப் பதக்கம்: போட்டியில் வென்றவர்க்கு மட்டும் வழங்கப்படுவது.
பங்கேற்புப் பதக்கம்: போட்டியில் கலந்துகொண்ட அனைவர்க்கும் வழங்கப்படுவது.
நினைவுப் பதக்கம்: ஒரு நிகழ்வை நினைவுகூர வெளியிடப்பட்டு, பொதுமக்களும் பெற்றுச் சேகரிக்கத்தக்கது.
நினைவு நாணயம்: ஒரு நிகழ்வை நினைவுகூர அரசு வெளியிடுவது, பதக்கத்துக்கு இல்லாத பண மதிப்பு இதற்கு உண்டு.

ஒலிம்பிக் பதக்கத்தின் பயணம்

புத்துயிர் பெற்ற முதல் ஒலிம்பிக் விளையாட்டுகள் 1896இல் ஏதென்சில் நடைபெற்றன. அப்போது முதலிடம் பெற்றவர்க்குப் பொற்பதக்கம் தரப்படவில்லை. வெள்ளிப் பதக்கமும் ஒலிவக் கிளையும் தரப்பட்டன. இரண்டாமிடத்தார் வெண்கலப் பதக்கமும் புன்னையையொத்த லாரல் மரக் கிளையும் பெற்றனர். பிரெஞ்சுச் சிற்பி சாப்ளேன் அப்பதக்கத்தை வடிவமைத்தார். ஒருபுறம் கிரேக்கரின் தலைமைக் கடவுளான சீயசின் முகம்; மறுபுறம் ஏதென்சின் அக்ரோபொலிசுக் குன்று. 1900இல் பாரிசு நகரின் பதக்கங்கள் செவ்வக வடிவில் அமைந்தன. கொல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிச்சர்டு 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடையோட்டத்திலும் இரண்டாமிடம் பெற்றது அந்தப் போட்டியில்தான். பொன், வெள்ளி, வெண்கலம் என்னும் வரிசை 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரில் தொடங்கியது.

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் நம் பாடத்திற்கு மூன்று வகையில் முதன்மையானது. ஒன்று, இந்திய வளைகோல் பந்து அணி தன் முதல் ஒலிம்பிக் பொன்னை வென்றது. தியான்சந்த் அவ்வணியில் ஆடினார். இரண்டு, இத்தாலியச் சிற்பி கசியோலி வடிவமைத்த புதிய பதக்கம் முதன்முதலாக வழங்கப்பட்டது. வெற்றித் தேவதை அமர்ந்திருக்கும் அம்முகப்பு, சிற்சில மாற்றங்களோடு 2000ஆம் ஆண்டுவரை தொடர்ந்தது. ஆனால், அதன் பின்னணியில் இருந்தது உரோமானியரின் வட்டரங்கு. ஒலிம்பிக்கின் தாயகமோ கிரேக்கம். இப்பிழை 2004இல் ஏதென்சு ஒலிம்பிக்கின்போது திருத்தப்பட்டு, கிரேக்க விளையாட்டரங்கம் பதக்கத்தில் இடம்பெற்றது. கைக்குள் அடங்கும் ஓர் உலோக வட்டில் எந்தக் கட்டடம் இருக்க வேண்டும் என்பது ஒரு நாட்டின் தன்மதிப்போடு தொடர்புடைய செய்தி என்பதை இது காட்டுகிறது.

மூன்றாவது செய்தி பலரும் அறியாதது. 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கில் கலைப் போட்டிகளும் நடைபெற்றன. கட்டடக்கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் ஆகியவற்றில் விளையாட்டைப் பொருளாகக் கொண்ட படைப்புகளுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஆம்ஸ்டர்டாமில் சிற்பப் பிரிவுக்குள் பதக்கங்களுக்கும் புடைப்புச் சிற்பங்களுக்கும் தனிப்போட்டி வைக்கப்பட்டது. அதில் ஆசுதிரிய நாட்டுக் கலைஞர் எட்வின் கிரினாவர் முதலிடம் பெற்றார். பதக்கம் செய்ததற்காகவே ஒருவர் பதக்கம் வென்றார். உடலின் திறனும் கலையின் திறனும் ஒரே மேடையில் நின்ற காலம் அது.

உருவாகும் முறை

பதக்கம் இருவகையில் உருவாகிறது. ஒன்று வார்ப்பு, மற்றொன்று அச்சு.

வார்ப்பு முறையில் மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் மண்ணைப் பூசிச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகம் நிறைந்து உருவம் பெறும். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைச் சிற்பிகள் தெய்வத் திருமேனிகளை இன்றும் வார்க்கும் முறை இதுவே. தஞ்சாவூர்க் கலைத்தட்டும் இங்கு நினைக்கத்தக்கது. பித்தளைத் தட்டின்மீது செம்புத் தகட்டையும், அதன் நடுவே புடைப்பு உருவம் கொண்ட வெள்ளித் தகட்டையும் பொருத்திச் செய்யப்படும் அத்தட்டு, சிறப்பு விருந்தினர்க்கும் சாதனையாளர்க்கும் வழங்கப்பெறும் தமிழ்நாட்டின் நினைவுப்பரிசு. அது புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

அச்சு முறை வேறு. கலைஞர் முதலில் பதக்கத்தைவிடப் பலமடங்கு பெரிய உருவத்தைக் களிமண்ணிலோ சுண்ணச்சாந்திலோ செய்வார். குறுக்கும் கருவி ஒன்று அவ்வுருவத்தின் மேடு பள்ளங்களைத் தடவிச் சென்று, அவற்றைச் சிறிய அளவில் எஃகில் செதுக்கும். அந்த எஃகு அச்சைச் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்குவர். இரு அச்சுகளுக்கிடையே உலோக வட்டை வைத்து மிகுந்த அழுத்தம் கொடுக்க, உருவம் பதியும். புடைப்பு உயரமாக இருந்தால் ஓரழுத்தத்தில் பதியாது. மீண்டும் மீண்டும் சூடேற்றி அழுத்த வேண்டும். இன்று கணினி வழியாகவும் அச்சு செதுக்கப்படுகிறது. ஆனாலும், எந்த மேடு எவ்வளவு உயர வேண்டும், ஒளி எங்கே விழ வேண்டும், நிழல் எங்கே தங்க வேண்டும் என்பவற்றை முடிவு செய்வது கலைஞரின் கண்ணே.

சென்னைக்கும் இத்தொழிலுக்கும் நெடுநாள் உறவு உண்டு. வடசென்னையின் தங்கசாலைத் தெரு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை அங்கு இயங்கியதால் அப்பெயர் பெற்றது. 1964இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் அச்சு செதுக்குவதும் தகடு அழுத்துவதும் அன்றாடப் பணி. மகிழுந்துக்கும் மிதிவண்டிக்கும் உறுப்புகளைச் செய்யும் அச்சுக்கும் பதக்கம் செய்யும் அச்சுக்கும் அடிப்படை நுட்பம் ஒன்றே. உங்கள் தெருவில் வசிக்கும் அச்சுத் தொழிலாளி ஒருவர், நூலில் படிப்பதைவிடத் தெளிவாக இக்கலையை உங்களுக்கு விளக்கக்கூடும்.

நாடுகள் வெளியிட்ட நினைவுகள்

விளையாட்டு வீரர் மட்டுமன்றிப் பார்வையாளரும் நிகழ்வின் ஒரு துணுக்கைத் தம்மிடம் வைத்திருக்க விரும்பினர். அவ்விருப்பத்தை நிறைவு செய்யவும், போட்டிக்கு நிதி திரட்டவும் நினைவு நாணயங்களும் பதக்கங்களும் வெளியாயின. புத்துயிர் பெற்ற ஒலிம்பிக்கின் முதல் நினைவு நாணயத்தை, 1952 எல்சிங்கி போட்டிக்காகப் பின்லாந்து வெளியிட்டது. அது 500 மார்க்கா மதிப்புடைய வெள்ளி நாணயம்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964இல் நேருவின் நினைவாக வெளியிடப்பட்டது. விளையாட்டுக்கு உரிய இடம் 1982இல் கிடைத்தது. புதுதில்லியில் நடைபெற்ற ஒன்பதாம் ஆசிய விளையாட்டுகளை நினைவுகூர 25 பைசா, 2 ரூபாய் உள்ளிட்ட நாணயங்களை அரசு வெளியிட்டது. 2010இல் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டுகளுக்காக 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்கள் வெளியாயின. பேருந்துக் கட்டணமாகக் கொடுத்த சில்லறைக்குள் ஒரு விளையாட்டு விழாவின் நினைவும் கைமாறியது. விலையுயர்ந்த பதக்கத்தைச் சேகரிக்க இயலாத மாணவரும் இத்தகைய நாணயங்களைச் சேகரிக்கலாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக் காட்சிக்கூடம் இவ்வார்வத்திற்கு நல்ல தொடக்கமாக அமையும்.

உலோகமே கதை சொல்லும்

மாதவியின் தலைக்கோல், பகைவனின் குடைக்காம்பால் ஆனது என்று கண்டோம். பொருளிலேயே வரலாற்றைப் பொதிந்து வைக்கும் அம்முறை நம் காலத்தில் மீண்டும் தோன்றியிருக்கிறது.

டோக்கியோ 2020 போட்டிகளுக்குரிய ஏறத்தாழ 5,000 பதக்கங்களும், மக்கள் பயன்படுத்திக் கழித்த கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்களிலிருந்து பிரித்தெடுத்த உலோகத்தால் ஆனவை. சப்பானிய மக்கள் 62 இலட்சத்துக்கு மேற்பட்ட கைப்பேசிகளை அளித்தனர். 32 கிலோ பொன்னும் 3,500 கிலோ வெள்ளியும் அவ்வகையில் திரட்டப்பட்டன. ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா வென்ற பொற்பதக்கமும் அவ்வாறு பிறந்ததே. பொற்பதக்கம் எனப்படுவது முழுவதும் பொன் அன்று; வெள்ளியின்மீது குறைந்தது 6 கிராம் பொன் பூசப்பட்டது. 2024 பாரிசு போட்டிகளின் ஒவ்வொரு பதக்கத்திலும் ஈபிள் கோபுரத்திலிருந்து முன்னர் அகற்றிப் பாதுகாக்கப்பட்ட 18 கிராம் இரும்பு, அறுகோண வடிவில் பதிக்கப்பட்டது. பொன்னின் நடுவே இரும்பு இருந்தது. அந்த இரும்பே பதக்கத்தின் பெருமையாயிற்று.

2016 இரியோ பாராலிம்பிக் பதக்கங்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றன. அவற்றின் உள்ளே சிறுசிறு எஃகுக் குண்டுகள் வைக்கப்பட்டன. வெண்கலத்தில் 16, வெள்ளியில் 20, பொன்னில் 28. பதக்கத்தை அசைத்தால் ஒலி எழும். ஒவ்வொன்றின் ஒலியும் வேறுபடும். பார்வைத்திறன் இல்லாத வீரரும் தாம் வென்றது எந்தப் பதக்கம் என்பதைச் செவியால் அறியலாம். உயரம் தாண்டுதலில் பொன் வென்ற சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு பெற்றது இத்தகைய ஒலிக்கும் பதக்கமே. பூவிருந்தவல்லியில் பார்வைத்திறன் குறையுடைய மாணவர்க்கென அரசு மேல்நிலைப்பள்ளி ஒன்று நெடுங்காலமாக இயங்கி வருகிறது. அங்கு நடைபெறும் ஓட்டப்பந்தயத்தில் வெல்லும் மாணவருக்குக் கண்ணால் மட்டுமே காணத்தக்க ஒரு பதக்கம் எதைச் சொல்லும்? கலை என்பது அழகு செய்வது மட்டுமன்று; யார் பெறுகிறார் என்பதை எண்ணிச் செய்வதும் ஆகும். இரியோவின் பதக்கம் நமக்குத் தரும் பாடம் இது.

நம் மண்ணின் வெற்றிகள்

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. வேட்டி சட்டை அணிந்த குதிரையான ‘தம்பி’ அதன் நற்சின்னம். சதுரங்கக் காயான குதிரை தமிழ்க் கோலம் பூண்டது. பொதுப் பிரிவில் இந்திய ‘பி’ அணியும் மகளிர் பிரிவில் இந்திய ‘ஏ’ அணியும் வெண்கலம் வென்றன. முதற்பலகையில் சிறப்பாக ஆடித் தனிநபர் பொன் வென்றவர் த. குகேஷ். அம்பத்தூரை அடுத்த மேல் அயனம்பாக்கத்தில் பள்ளிக்கல்வி பயின்ற அவர், 2024 திசம்பரில் சிங்கப்பூரில் நடைபெற்ற போட்டியில் வென்று, 18 வயதில் உலக வாகையர் ஆனார். அதே ஆண்டு பாரிசு பாராலிம்பிக்கில் திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ் இறகுப்பந்தில் வெண்கலம் வென்றார். நாம் நாள்தோறும் நடந்து செல்லும் சாலைகளுக்கு அருகிலிருந்தே உலக மேடைக்குச் செல்லும் வழியும் தொடங்குகிறது.

விலையும் மதிப்பும்

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கறுப்பின வீரர் ஜெசி ஓவன்சு நான்கு பொற்பதக்கங்களை வென்றார். அவற்றுள் ஒன்று 2013இல் ஏறத்தாழ 14.7 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அதிலுள்ள உலோகத்தின் விலை அத்தொகையில் மிகச் சிறு பகுதியே. எஞ்சிய விலை எதற்கு? இனவெறி ஆட்சியின் கண்முன்னே ஓடி வென்ற அந்த நொடிகளுக்கு.

1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் மற்போரில் வெண்கலம் வென்ற கா.தா. ஜாதவ், விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிநபர் பதக்கம் பெற்றுத்தந்த முதல் வீரர். அவரை அனுப்பிவைக்க ஊரார் நிதி திரட்டினர். அவர் பயின்ற கல்லூரியின் முதல்வர் தம் வீட்டையே அடகு வைத்தார். பதக்கத்தோடு திரும்பிய அவரை ஊரார் நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகளோடு வரவேற்றனர். அவ்வெண்கலம் ஒருவர் கழுத்தில் தொங்கினாலும் ஓர் ஊரின் உழைப்பு அதில் உருகிக் கலந்திருந்தது.

அதே எல்சிங்கியில், வளைகோல் பந்து இறுதிப் போட்டியில் நெதர்லாந்துக்கு எதிராக ஐந்து கோல்களைப் போட்டவர் பல்பீர் சிங். 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் பொன் வென்றவர் அவர். அமையவிருந்த ஓர் அருங்காட்சியகத்திற்காக 1985இல் தம்முடைய 36 பதக்கங்களையும், மெல்போர்னில் அணித்தலைவராக அணிந்த மேலங்கியையும், அரிய ஒளிப்படங்களையும் அவர் மனமுவந்து கொடையளித்தார். அருங்காட்சியகம் அமையவில்லை. பல்லாண்டுகள் கழித்துத் தேடியபோது அப்பொருள்கள் காணப்படவில்லை. அவற்றை மீட்கும் முயற்சி கைகூடாமலே 2020இல் அவர் மறைந்தார். நாட்டிற்கு மூன்று பொன் தந்தவரின் நினைவுச் சின்னங்களை நாம் காக்கத் தவறினோம். பதக்கத்தை வெல்வது வீரரின் கடமை. காப்பது சமுதாயத்தின் கடமை. முதற்கடமை நிறைவேறிய இடத்தில் இரண்டாம் கடமை தவறியது.

நாம் செய்யக்கூடியது

இப்போது பள்ளி அலமாரிக்குத் திரும்புவோம். பெரியமேட்டின் விளையாட்டுப் பொருள் கடைகளில் எந்தப் பள்ளிக்கும் எந்தப் போட்டிக்கும் பொருந்தும் பதக்கங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. விலை குறைவு என்பதால் அவை தேவையற்றவை ஆகிவிடா. பரிசு பெறும் குழந்தையின் மகிழ்ச்சியை உலோகத்தின் விலையைக்கொண்டு அளக்க இயலாது. குறை வேறொன்றில் இருக்கிறது. எல்லோர்க்கும் பொருந்தும் பதக்கம் எவரையும் நினைவுகூர்வதில்லை.

இக்குறையை நீக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பதக்கத்தின் பின்புறத்தில் மாணவரின் பெயர், போட்டி, ஆண்டு, ஊர் ஆகிய நான்கு செய்திகளைப் பொறித்தால் போதும். கருவந்துறைக் கல் செய்தது அதையே. முகப்பில் எங்கோ ஓடும் முகமற்ற உருவத்திற்கு மாற்றாக, அம்பத்தூர் ஏரியோ, தொழிற்பேட்டையின் பல்சக்கரமோ, பள்ளி முற்றத்து வேப்பமரமோ இடம்பெறலாம். ஓவியம் வரையத் தெரிந்த மாணவர் வடிவமைக்கலாம்; அச்சுத் தொழில் அறிந்த பெற்றோர் வழிகாட்டலாம். ஓடும் மாணவரும் வரையும் மாணவரும் செதுக்கும் தொழிலாளியும் ஒரே பதக்கத்தில் இணைவர்.

பதக்கம் என்பது உலோகத்தில் எழுதப்பட்ட ஒரு நன்றியுரை. யாருக்கு நன்றி, எதற்கு நன்றி என்பது அதில் இருக்க வேண்டும். பெயர் இருந்தால் வெள்ளீயமும் வரலாறு ஆகும். பெயர் இல்லையேல் பொன்னும் வெறும் எடையாகிவிடும். உங்கள் வீட்டுப் பெட்டியில் ஏதேனும் ஒரு பழைய பதக்கம் இருக்கக்கூடும். தாத்தாவோ பாட்டியோ பெரியப்பாவோ அத்தையோ அதை வென்றிருக்கலாம். அவர்கள் சொல்லும் நிலையில் இருக்கும்போதே அதன் கதையைக் கேட்டு எழுதிவையுங்கள். அந்த ஒரு பக்கம், வெறுமையாக இருக்கும் அப்பதக்கத்தின் பின்புறத்தை நிரப்பும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் உள்ள பழைய பதக்கங்களையும் கோப்பைகளையும் பார்வையிட்டு, அவற்றை வென்ற முன்னாள் மாணவர்களின் பெயர், ஆண்டு, போட்டி ஆகியவற்றைத் திரட்டி ஒரு பதிவேட்டை உருவாக்குக.

2. உங்கள் ஊரின் அடையாளம் ஒன்றை முகப்பாகக் கொண்டு, பள்ளி விளையாட்டு விழாவுக்குரிய பதக்கம் ஒன்றை வரைந்து, அதன் பின்புறத்தில் இடம்பெற வேண்டிய செய்திகளை எழுதுக.

3. “பார்வைத்திறன் குறையுடையோரும் உணரும் வகையில் பரிசுப் பொருள்கள் அமைய வேண்டும்” – இக்கருத்தைப் பற்றி வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. தலைக்கோல், எருது பொருதார் கல், பாரிசு 2024 பதக்கம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஒருபக்க அளவில் கட்டுரை எழுதுக.